கட்டுச்சோறும் கல்வியும்

நன்கு கற்றவனுக்குக் கட்டுச்சோறு வேண்டா என்பது பழமொழி நானூறு கூறும் கருத்து. கற்றோர்க்கு நாற்றிசையும் சொந்த நாடே. செல்லுமிடமெல்லாம் அவரை ஏற்று உணவளிப்போர் இருப்பர். ஆதலின் வழிநடைக்கு உணவு கட்டிச் செல்லும் தேவை அவர்க்கில்லை என்று முன்றுறை அரையனார் பாடி வைத்தார். தமிழாசிரியர்களாகிய நாம் இச்செய்யுளின் பொருளைப் பலமுறை வகுப்பறையில் விளக்கியிருக்கின்றோம். கல்வியின் பெருமையைச் சொல்ல இதனினும் எளிய உவமை வேறு கிடைப்பது அரிது.

ஆனால் அச்செய்யுள் கற்று முடித்தவனைப் பற்றியது. கற்கப் புறப்படும் சிறுவனின் நிலை என்ன? அவனுக்கு இன்னும் எந்நாடும் சொந்தமாகவில்லை. அவன் கையில் இருப்பது ஒரு புத்தகப்பையும் ஒரு தூக்குச்சட்டியுமே. அத்தூக்குச்சட்டியில் சோறு இருந்ததா, இல்லையா என்பதே நம்மவருள் பலருடைய கல்வியின் போக்கை முடிவு செய்திருக்கின்றது. கல்வி வரலாறு எழுதுவோர் சட்டங்களையும் அறிக்கைகளையும் பாடநூல்களையும் ஆராய்ந்து எழுதுகின்றனர். பிள்ளையின் சோற்றுப் பொட்டலத்தை ஆராய்ந்தோர் சிலரே. அதைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழிப்போக்கன் உணவு

தமிழில் இதற்குப் பல சொற்கள் உண்டு. ஆறு என்றால் வழி; உணா என்றால் உணவு; எனவே வழியில் உண்பது ஆற்றுணா ஆயிற்று. பொதிந்து கொண்டு செல்வது பொதிசோறு. அன்போடும் மதிப்போடும் சொல்லும்போது கட்டமுது. பேச்சு வழக்கில் கட்டுச்சோறு. திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியாலும் நீர்வேட்கையாலும் தளர்ந்த திருநாவுக்கரசருக்கு இறைவனே அந்தணர் வடிவில் வந்து பொதிசோறு கொடுத்ததாகப் பெரியபுராணம் கூறும்.

இச்சொற்கள் யாவும் வழிப்போக்கனைச் சுற்றியே பிறந்தவை என்பதை நோக்குக. பள்ளிப்பிள்ளையின் கட்டுச்சோறு என்று தனிச்சொல் ஒன்று நம் பழைய வழக்கில் இல்லை. காரணம் எளியது. திண்ணைப் பள்ளிக்கூடம் ஊருக்குள் இருந்தது. பிள்ளைகள் விடியற்காலையில் வந்து பாடம் ஒப்பித்துவிட்டுப் பழைய சோறு உண்ண வீட்டுக்கு ஓடுவர், மீண்டும் வருவர், உச்சிப்பொழுதில் மறுபடியும் வீட்டுக்குப் போவர். வீடும் பள்ளியும் கூப்பிடு தொலைவில் இருந்த காலத்தில் சோற்றைக் கட்ட வேண்டிய தேவை எழவில்லை.

கடிகார மணிக்கு நடக்கும் பள்ளி வந்த பிறகே இத்தேவை எழுந்தது. அதனோடு, பெற்றோரையும் கடிகார மணிக்கு வேலைக்கு அழைக்கும் ஆலையும் தோட்டமும் வந்தன. பிள்ளை பள்ளியில், தாய் வேலைக்காட்டில், அடுப்பு அணைந்த வீடு நடுவில். பள்ளிக் கட்டுச்சோறு பிறந்த இடம் இதுவே.

கடல் கடந்த சோறு

பினாங்கிற்கு வந்து இறங்கிய நம் முன்னோர் கட்டுச்சோற்றோடுதான் வந்தனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, மேல்தளத்திலே பாய் விரித்து, கட்டி வந்ததை உண்டு, பலர் ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் தங்க வைக்கப்பட்டு, அதன் பின்னரே கரையில் கால் வைத்தனர். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ரஜூலா கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் முதியோர் முகம் மலரும். ஊரிலிருந்து கட்டிய சோறு கப்பலிலேயே தீர்ந்து போகும். அதன் பிறகு எல்லாம் இந்நாட்டுச் சோறு.

இந்நாட்டின் தமிழ்க்கல்வியும் பினாங்கிலேயே தொடங்கியது. பாதிரியார் அட்சிங்ஸ் நிறுவிய பினாங்கு இலவசப் பள்ளியில் 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் தமிழ் வகுப்பு தொடங்கப்பெற்றது. 2016ஆம் ஆண்டில் மலேசியத் தமிழ்க்கல்வியின் 200ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடினோமே, அதன் கணக்கு இந்நாளிலிருந்துதான். ஆயினும் தமிழ்ப்பள்ளி வேரூன்றிப் பரவியது நகரத்தில் அன்று, தோட்டங்களில்தான். தீவுக்கு எதிர்க்கரையில், அன்று வெல்லெஸ்லி மாநிலம் என்றும் இன்று செபராங் பிறை என்றும் வழங்கும் பகுதியில், முதலில் கரும்பும் பின்னர் ரப்பரும் பயிரிடப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அத்தோட்டங்களில் சிறு பள்ளிகள் தோன்றலாயின. 1912ஆம் ஆண்டிலும் பின்னர் 1923ஆம் ஆண்டிலும் வந்த தொழிலாளர் சட்டங்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைப்பதை நிருவாகத்தின் பொறுப்பாக்கின.

சட்டம் பள்ளிக்கூடத்தைக் கொடுத்தது. பிள்ளையின் வயிற்றைப் பற்றி அது கவலைப்படவில்லை. ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, ஓர் ஆசிரியர். சில தோட்டங்களில் ஆசிரியர் வேலையையும் கிராணியே பார்த்தார். காலையில் பிள்ளைகள் வந்தால் பள்ளி. கட்டிப்பால் பொறுக்கவோ புல் பிடுங்கவோ பெற்றோரோடு காட்டுக்குப் போய்விட்டால் பள்ளி இல்லை.

இங்கே பால்வெட்டுத் தொழிலின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். ரப்பர் மரத்தின் பட்டையிலுள்ள பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பது விடியற்காலைக் குளிர்ச்சியில்தான். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் குறையும், பால் வடிவதும் குறையும். அதனால் இருட்டோடு வெட்டத் தொடங்கினால்தான் மங்கு நிறையும். காலை ஐந்து மணியளவில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவர். அதற்குள் தாய் எழுந்து, அடுப்பு மூட்டி, கணவனுக்கும் தனக்கும் காட்டில் பசியாறக் கட்டிக்கொண்டு, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பள்ளி தொடங்குவதோ ஏழரை மணிக்கு. இடைப்பட்ட இரண்டரை மணி நேரம் லயத்து வீட்டில் பெரியவர் எவரும் இல்லை.

அந்த இரண்டரை மணி நேரத்தில் பிள்ளைகளை எழுப்பியது யார்? குளிப்பாட்டியது யார்? தூக்குச்சட்டியில் சோறு போட்டுக் கொடுத்தது யார்? பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்பிள்ளை. அவளும் பள்ளிக்குப் போக வேண்டிய சிறுமியே.

என் வீட்டிலும் அப்படித்தான். செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் 1970களின் இறுதியில் நான் தொடக்கப்பள்ளியில் பயின்றேன். எனக்கு ஐந்து வயது மூத்தவர் என் அக்காள். ஆறாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. படிப்பில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் கீழே நான்கு பேர் இருந்தோம். இடைநிலைப்பள்ளிப் பேருந்து காலை ஆறு மணிக்கே வந்துவிடும். அவர் அதில் ஏறினால் எங்களுக்குச் சோறு கட்ட ஆளில்லை. இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசி முடிவு செய்யவில்லை. பேருந்து வந்தது; அக்காள் அடுப்படியில் இருந்தார்; பேருந்து போய்விட்டது. அவ்வளவுதான்.

நெத்திலிச் சம்பலும் சோறும், சில நாள் அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பூவும், மாதக் கடைசியில் வெறும் ரொட்டியும் சீனியும் என்று அக்காள் கட்டிக்கொடுத்ததை உண்டு நான் படித்தேன், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன், தலைமையாசிரியரும் ஆனேன். என் கட்டுச்சோற்றின் விலை என் அக்காளின் படிப்பு என்பது எனக்கு வெகுநாள் கழித்தே உறைத்தது. தோட்டப்புறத்துத் தமிழ்ப்பெண்கள் பலருடைய படிப்பு ஏன் பாதியில் நின்றது என்று ஆராய்வோர், வறுமை என்னும் ஒரு சொல்லோடு நின்றுவிடாமல், காலை ஐந்து மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையே அவ்வீடுகளில் யார் சோறு கட்டினார் என்றும் கேட்டறிதல் வேண்டும்.

மரவள்ளிக்கிழங்கைச் சொன்னேன். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கைப்பட்டது முதல் 1945 வரை அரிசி அரும்பொருளாயிற்று. லயத்தின் பின்புறமெல்லாம் மரவள்ளி நட்டனர். அதுவே சோறு, அதுவே பலகாரம். சயாம் இரயில்பாதை வேலைக்கு ஆண்கள் கொண்டு செல்லப்பட்ட வீடுகளில் பிள்ளைகளை உயிரோடு வைத்தது அந்தக் கிழங்கே. எங்கள் பாட்டி கடைசிவரை அதைத் தொடமாட்டார். நாங்கள் விரும்பி உண்போம். ஒரே கிழங்கு ஒரு தலைமுறைக்குத் துயரமாகவும் அடுத்ததற்குத் தின்பண்டமாகவும் இருந்தது.

மூடியைத் திறந்து பார்த்தவர்கள்

பிள்ளையின் பசியில் ஓர் இயல்பு உண்டு. அது மூடி போட்ட பசி. பெரியவன் பசித்தால் கேட்பான், சண்டையிடுவான், வேலைநிறுத்தம் செய்வான். பிள்ளை வெட்கப்பட்டு மறைக்கும். ஆதலால் யாரேனும் ஒருவர் மூடியைத் திறந்து பார்க்கும்வரை அப்பசி ஊருக்குத் தெரிவதில்லை. பள்ளி உணவின் வரலாறு எந்நாட்டிலும் இப்படித் திறந்து பார்த்த ஒருவரிடமிருந்தே தொடங்குகின்றது.

ஜப்பானில் யமகதா மாநிலத்துத் துசுருவோக்கா நகரில், 1889ஆம் ஆண்டில், பௌத்தத் துறவியர் நடத்திய பள்ளியொன்றில் உணவு கொண்டுவர இயலாத ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்றுருண்டையும் சுட்ட உப்பு மீனும் ஊறுகாயும் கொடுக்கத் தொடங்கினர். அந்நாட்டின் பள்ளி உணவு வரலாறு அங்கிருந்தே எழுதப்படுகின்றது. உருட்டிய சோறு, மீன், ஊறுகாய் என்ற அந்தப் பட்டியலைப் படிக்கும்போது, இது நம் கட்டுச்சோறேயன்றி வேறென்ன என்று தோன்றுகின்றது.

இங்கிலாந்தில் போயர் போருக்கு ஆள் சேர்த்தபோது, வந்தவருள் பலர் உடல்வலிமை போதாதவர் என்று கழிக்கப்பட்டனர். நாட்டுக்கே இது அதிர்ச்சியாயிற்று. 1906ஆம் ஆண்டில் பள்ளிப்பிள்ளைகளுக்கு உணவளிக்க உள்ளாட்சிக்கு இசைவு தரும் சட்டம் வந்தது. மறு ஆண்டு பிராட்ஃபோர்டு நகரில் 40 பிள்ளைகளுக்குச் சில மாதம் உணவளித்து நிறுத்துப் பார்த்தனர். உணவு கொடுத்த வாரங்களில் எடை ஏறியது. விடுமுறை வாரத்தில் இறங்கியது. பிள்ளைகள் வீட்டில் என்ன உண்டனர் என்பதை எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை, தராசே சொல்லிவிட்டது.

தமிழகத்தில் மூடியைத் திறந்தது சென்னை மாநகராட்சி. தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். ஆயிரம்விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் வறுமையால் பிள்ளைகள் குறைவாகவே வருகின்றனர் என்று கண்டு, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி அளிக்க 1920 செப்டம்பர் 16இல் மாநகராட்சி மன்றம் தீர்மானித்தது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு இது விரிந்தது. ஐந்து பள்ளிகளின் மாணவர் தொகை 1922-23இல் 811; 1924-25இல் 1,671. இரண்டே ஆண்டில் இருமடங்கு! ஆனால் தொடக்கக்கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்யக்கூடாது என்று ஆங்கில அரசு தடுத்தமையால், 1925 ஏப்ரலில் சிற்றுண்டி நின்றது. பிள்ளைகளின் தொகையும் இறங்கியது. ஓர் அணாச் சிற்றுண்டிக்கும் ஒரு வகுப்பறைக்கும் உள்ள தொடர்பை இதனினும் தெளிவாகக் காட்டும் கணக்கு வேறில்லை.

அந்த விதை வீணாகவில்லை. 1956ஆம் ஆண்டில், பாரதி பிறந்த எட்டயபுரத்தில், முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் சென்று மக்களிடம் பொருள் திரட்டினார். அரசு ஒரு பங்கும் ஊர் ஒரு பங்குமாகச் செலவை ஏற்றன. கைப்பிடி அரிசி கொடுத்த தாய்மாரும் அதில் பங்காளிகளே. 1982 சூலை 1இல் எம். ஜி. இராமச்சந்திரன் அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். 1989இல் மு. கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2001 நவம்பர் 28இல் இந்திய உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் சமைத்த உணவு அளிக்க ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் மு. க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கட்சி பலவாயினும் சட்டி ஒன்றே என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. ஒருவர் வைத்த உலையை அடுத்தவர் இறக்கிவிடாமல் அரிசியைக் கூட்டிப் போட்டதே தமிழகத்தின் பேறு.

மலேசியாவில் 1970களின் இறுதியில் வறிய குடும்பப் பிள்ளைகளுக்கான துணை உணவுத் திட்டம் தொடங்கியது. 1980களில் பள்ளிப் பால் திட்டம் வந்தது. தமிழ்ப்பள்ளிகளின் பிள்ளைகளும் இவற்றால் பயன்பெற்றனர். இன்றும் துணை உணவு பெறுகின்றனர். இதனைச் செய்த அரசுக்கும், ஒவ்வொரு காலையும் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் உலை வைக்கும் அம்மையார்களுக்கும் நாம் நன்றி பாராட்டுதல் வேண்டும்.

ஒரு தூக்குச்சட்டி

திட்டம் இருந்துவிட்டால் பசி தீர்ந்துவிடுமா? இதற்கு விடையாக, என் தவறொன்றை இங்கே சொல்ல வேண்டியுள்ளது.

1990களின் முற்பகுதி. பயிற்சி முடித்து ஒரு தோட்டப்பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டு. மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுவன். பத்து மணிக்குப் பசியாற விடும்போது அவன் மட்டும் சுவரில் முதுகைச் சாய்த்து, தூக்குச்சட்டியின் மூடியைப் பாதி திறந்து, கையால் மறைத்துக்கொண்டு உண்பான். இறைக்காமல் சிந்தாமல் உண்கின்றானே என்று மற்றப் பிள்ளைகளுக்கு அவனை எடுத்துக்காட்டாகக் கூறினேன். ஆனால் பதினோரு மணிக்கு மேல் அவன் தூங்கி விழுவான். அதற்காக அவனைப் பலமுறை வகுப்பின் முன் நிற்க வைத்தேன்.

ஒருநாள் வகுப்பில் மேசைகளை இடம் மாற்றினோம். அவன் பையை நான் தூக்கி வைத்தேன். தூக்குச்சட்டி கனக்கவில்லை. திறந்து பார்த்தேன். கழுவித் துடைத்த வெறும் சட்டி. அன்று மட்டுமன்று, பல நாள் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது.

“ஏன்டா வெறும் சட்டியைத் தூக்கிக்கிட்டு வர்றே?” என்றேன்.

“சட்டி இல்லாம வந்தா எல்லாரும் பாப்பாங்க சார்” என்றான்.

துணை உணவுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று தேடினேன். விண்ணப்பத்தாள் வீட்டுக்குப் போயிருந்தது. தாய்க்கு எழுத்துத் தெரியாது. தந்தை வீட்டில் இல்லை. தாள் சாமிப்படத்தின் பின்னால் பத்திரமாக இருந்தது. வகுப்பாசிரியன் நான், தாள் திரும்பி வரவில்லையே என்று கேட்க வேண்டியவனும் நானே. மறுநாள் அத்தாளை நானே நிரப்பினேன். தாயிடம் கைந்நாட்டு வாங்கினேன். அதன் பின் அவன் பதினோரு மணிக்குத் தூங்கவில்லை.

நாட்டின் திட்டத்திற்கும் பிள்ளையின் வாய்க்கும் இடையே ஒரு முழம் இடைவெளி எப்போதும் உண்டு. அந்த ஒரு முழத்தைக் கடக்கச் செய்ய வேண்டியவர் ஆசிரியரே. பயிற்சிக் கல்லூரியில் உளவியல் கற்றோம். பாடக்குறிப்பு எழுதக் கற்றோம். தூக்குச்சட்டியைத் தூக்கிப் பார்க்க எவரும் கற்றுத் தரவில்லை.

இன்றைய பெரட்டு

1957ஆம் ஆண்டில் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறத்தாழ 530. அவற்றுள் 28 பினாங்கு மாநிலத்தில். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல இடங்களில் லயங்கள் இருந்த மண்ணில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. தோட்டத்துப் பெயரைத் தாங்கிய பள்ளி இருக்கும், தோட்டம் இராது. பால்வெட்டிய குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளில் குடியேறின. 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிகத் தொழிற்பேட்டை தொடங்கியது முதல் பினாங்கின் பெண்கள் தொழிற்சாலைகளுக்குச் செல்லலாயினர்.

பெரட்டுக்களம் போயிற்று, தொழிற்சாலைப் பேருந்து வந்தது. அதுவும் இருட்டோடுதான் வருகின்றது. தாய் இன்றும் பிள்ளை எழுமுன் புறப்பட்டுப் போகின்றாள். மாறியது ஒன்றே: அன்று தூக்குச்சட்டி, இன்று தலையணையருகே 2 வெள்ளி, 3 வெள்ளி. அந்தக் காசு சோறாகின்றதா, நிறமேற்றிய தண்ணீராகவும் பொரித்த மாவுப் பொட்டலமாகவும் ஆகின்றதா என்பதை நாம் அறிவோம். அன்று பசித்த பிள்ளை மெலிந்திருந்தது. இன்று போதிய உணவின்றியே பருத்த பிள்ளைகளையும் காண்கின்றோம். மூடி போட்ட பசி என்று முன்னர்ச் சொன்னேனே, இது அதன் புதிய வடிவம்.

ஆகவே கட்டுச்சோற்று வழக்கத்தை மீண்டும் உயிர்ப்பித்தல் நன்று. ஆனால் அதனைத் தாயின் தலையில் மட்டும் சுமத்துவது முறையன்று. காலையில் பதினைந்து நிமிடத்தில் முடியக்கூடியதாக, தந்தையும் செய்யக்கூடியதாக அது இருத்தல் வேண்டும்.

என்ன கட்டலாம்?

நம் முன்னோர் வழிநடைக்குத் தேர்ந்த உணவுகளில் அறிவியல் இருக்கின்றது. புளியும் எலுமிச்சையும் புளிப்பால் நுண்ணுயிர்ப் பெருக்கத்தைத் தடுப்பவை. அதனால் புளிச்சோறும் எலுமிச்சைச்சோறும் நம் வெப்பத்தில் மற்றவற்றைவிடத் தாங்கும். முதல்நாள் இரவே புளிக்காய்ச்சலைச் செய்து வைத்துவிட்டால் காலையில் சோற்றோடு பிசறுவதே வேலை. சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துக் கட்டினால், பசியாறும் வேளையில் அது புளிக்காத இளந்தயிர்ச்சோறாக இருக்கும். இட்லிக்குத் தேங்காய்ச் சட்டினி கூடாது. அது விரைவில் கெடும். நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவிவிட்டால் இட்லியும் காயாது, கையும் ஒட்டாது. தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக்கும் நெடுநேரம் தாங்காது என்பதை நினைவிற் கொள்க.

சோற்றை மட்டும் கட்டினால் வயிறு நிறையும், உடல் வளராது. ஒரு முட்டை அவித்து வைக்கலாம். கொண்டைக்கடலை, பாசிப்பயறு, கச்சான் இவற்றுள் ஒன்றை இரவில் ஊறவைத்துக் காலையில் அவித்தால் சுண்டல். வறுத்த நெத்திலி சிறிதிருந்தால் பிள்ளை சோற்றை மிச்சம் வைக்காது. ஒரு வாழைப்பழமோ கொய்யாத் துண்டோ உடனிருக்கட்டும். பழைய சோறு உடலுக்கு நல்லதே. ஆனால் அதை வீட்டில் உண்டுவிட்டு வருவதே சரி.

ஓர் எச்சரிக்கை. சமைத்தாலும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் அரிசியில் உண்டு. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் மூடிக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவது இதனால்தான். ஆகவே காலையில் புதிதாக வடித்த சோற்றைத் தட்டில் பரப்பி விரைவாக ஆறவிட்டுப் பின்னரே மூட வேண்டும். பத்து மணிக்கு உண்ண வேண்டியதைப் பிற்பகலுக்கு வைத்திருக்கக் கூடாது. நீர்ப்புட்டி ஒன்று தவறாமல் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு

உடன்பணியாற்றும் ஆசிரியர்களுக்கு மூன்றை மட்டும் வேண்டிக்கொள்கின்றேன். வாரத்தில் ஒரு நாளேனும் ஆசிரியர் அறையை விட்டு வந்து பிள்ளைகளோடு அமர்ந்து உண்ணுங்கள். ஒரே வாரத்தில் பல செய்திகள் விளங்கும். துணை உணவுக்குரிய தாள்கள் எத்தனை கொடுத்தோம், எத்தனை திரும்பின என்று எண்ணிப் பாருங்கள். திரும்பாத தாளின் பின்னால் ஒரு பிள்ளை இருக்கின்றது. ஓசையின்றி ஒரு கூடையில் பழமோ பயறோ வைத்து, யார் எடுத்தார் என்று கேளாதிருங்கள். ஒருபோதும் பிள்ளையின் பொட்டலத்தைப் பிறர் காணப் பிரித்துக் காட்டச் சொல்ல வேண்டா. தூக்கிப் பார்த்தாலே கனம் தெரியும்.

என் அக்காளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கின்றனர். இன்றும் அதிகாலையில் எழுந்து அவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுக்கின்றார். பள்ளிக்குப் போகும் பேத்தி, அன்று அக்காள் ஏறாத அதே வழித்தடத்துப் பேருந்தில் ஏறிப் போகின்றாள். அவள் இப்போது இடைநிலைப்பள்ளி மாணவி.

கற்றவனுக்குக் கட்டுச்சோறு வேண்டா என்ற புலவர் வாக்கு பொய்யன்று. அந்த நிலையை அடையும்வரை பிள்ளைக்கு அது வேண்டும். அதைக் கட்டுவது வீட்டின் கடமை. வீட்டால் முடியாதபோது நாட்டின் கடமை. கட்டப்பட்டிருக்கின்றதா என்று பார்ப்பது ஆசிரியரின் கடமை.